மெட்டுக்கு இந்தப் பக்கம்: குறிப்புகள்

தே. சிந்தலைச்சேரி. தே. ரெங்கநாதபுரம். தே என்றால் தேவாரம். சில பலகைகளில் அதே ஊர் டி. சிந்தலைச்சேரி. யாரோ இங்கிலீஷ் பலகையைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பெயருக்கும் தபால் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது.

இங்கே எல்லாருக்கும் ஒரு முன்னெழுத்து வேண்டும். ஊருக்கும்.

விடியுமுன் ஜீப். பெண்கள்தான் அதிகம். தூக்குவாளி, பழைய முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு. ஏலத்தோட்டத்துக்கு. போடிமெட்டு வழியாக, கம்பம்மெட்டு வழியாக, குமுளி வழியாக. பொழுது சாயத் திரும்பிவிடுவார்கள்.

தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறவர்களைப் புலம்பெயர்ந்தோர் கணக்கில் எங்கே வைப்பது? ராத்திரி சொந்த வீட்டில்தான் தூங்குகிறார்கள்.

தேவாரத்துக்கு நேர் மேலே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். சாக்கலூத்து மெட்டு வழியாக ரோடு போட்டால் கிட்டம். பல தலைமுறையாக அந்த ரோடு தேர்தல் நேரத்தில் மட்டும் பேச்சில் போடப்படுகிறது. வனத்துறை, எல்லை, கோப்பு. ஆகவே வடக்கே போடிக்குப் போய் ஏற வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே கம்பத்துக்குப் போய் ஏற வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிகிற இடத்துக்கு ஒரு சுற்று.

ராமக்கல்மேட்டில் நின்று கேரளத்துச் சுற்றுலாக்காரர்கள் கீழே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். படத்தில் வருவது நாங்கள்.

ஜீப்பில் போகிற ஒரு மதினி. மேஸ்திரியிடம் மலையாளம் பேசுவார். முதலாளி வந்தால் இன்னும் கொஞ்சம் நல்ல மலையாளம். இப்போது தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "ஜல்தி", "பானி", "கித்னா", "கல் ஆவோ". இவ்வளவும் மதினிக்கு வந்துவிட்டது.

மூன்றாவது மொழியா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லப்பா, வேலை நடக்கணும்ல" என்றார்.

போடி ரயில் நிலையப் பலகையில் இந்தி இருக்கிறது. மீட்டர் கேஜ் போய், பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்து, 2022இல் தேனி வரை, 2023இல் போடி வரை அகலப்பாதை வந்தது. முதல் ரயிலுக்குத் தேங்காய் உடைத்தார்கள், மாலை போட்டார்கள். பலகையில் யாரும் தார் பூசவில்லை. ரயில் வருவதே பெரிய விஷயம் என்றாகிவிட்ட ஊர்.

1965 ஜனவரி 26. இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்று குறிக்கப்பட்ட நாள். அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு கொடுத்த பதினைந்து வருஷக் கெடு அன்றோடு முடிந்தது. 1963இல் வந்த சட்டம் ஆங்கிலம் "தொடரலாம்" என்றது. தொடரலாமா, தொடர வேண்டுமா. அந்த இடைவெளிக்குள்தான் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, தீக்குளித்தார்கள். 1967இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கம்பத்தில் நந்தகோபாலசாமி கோயில். தம்பிரான் மாட்டுத் தொழு. மாட்டுப் பொங்கலுக்கு அங்கே கூட்டம் நெரியும். அந்தக் கோயில்காரர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். ஒக்கலிகக் கவுடர், கப்பிலியர் என்றும் சொல்வார்கள். வந்து எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. எல்லாக் கதையிலும் மாடு வரும்.

அந்தக் கன்னடத்துக்கு எழுத்து கிடையாது. அதாவது எழுத்து இருக்கிறது, இவர்களுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை தமிழில். கல்லறையில் பெயர் தமிழில். கடன் பத்திரம் தமிழில்.

வாட்ஸப்பில் அக்கா தம்பிக்குக் கன்னடத்தில் செய்தி அனுப்புகிறாள், தமிழ் எழுத்தில். தமிழில் க ஒன்றுதான். கா, கா, கா என்று எல்லாவற்றுக்கும் அதே எழுத்து. தம்பிக்குப் புரிகிறது.

அந்த வீட்டுப் பையன் ஒருவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். ஆட்டோக்காரர் கன்னடத்தில் பேசச் சொன்னார். பேசினான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, தமிழா என்று கேட்டார். "வீட்ல பேசுறதத்தாண்ணே பேசுனேன்" என்கிறான்.

அவன் அங்கே இப்போது இங்கிலீஷில் சமாளிக்கிறான்.

போடிநாயக்கனூர். எரசக்கநாயக்கனூர். பெயரிலேயே யார் ஆண்டார்கள் என்று இருக்கிறது. பாளையக்காரர்கள் தெலுங்கு. கோம்பையில் கன்னடம். வரி கட்டினவர்கள் எல்லா மொழியும்.

ஒரு கூட்டம். மேடையில் இளைஞர், நல்ல தொண்டை. "வந்தேறிகள்" என்றார். கைதட்டல். மைக் செட்காரர் வீட்டில் தெலுங்கு. அவர் எதிரொலி வராமல் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். வாடகையை அன்றைக்கே வாங்கிவிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலும் தெலுங்கு. அருந்ததியர். நாயக்கர் காலம், விஜயநகரம் என்று மேடையில் நீளமாகப் பேசுகிறவர்கள் அந்தத் தெலுங்கைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆதரித்தும் எதிர்த்தும். 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதுதான் சிலருக்கு அது காதில் விழுந்தது.

அரசியல் சட்டம் 350ஆம் பிரிவு. குறை தீர்க்கச் சொல்லி எந்த அதிகாரிக்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம். அப்படியானால் உத்தமபாளையம் தாசில்தாருக்குக் கம்பத்துக் கன்னடத்தில் மனு கொடுக்கலாம்.

எந்த எழுத்தில்?

(யாராவது ஒருதரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். பட்டா மாற்றம் பாக்கி இருக்கிறது.)

1956ஆம் வருஷத்துக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

ஜூன், கொழும்பு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதா. 33ஆம் எண் சட்டம்.

நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள். கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் இந்தப் பக்கம். தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம். அதே அன்று நடைமுறைக்கு வந்த ஏழாவது திருத்தத்தில் 350ஏ: சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில்.

டிசம்பர், சென்னை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ஒரே வருஷம். தேவாரத்தில் அந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டால் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்தச் சட்டங்களைக் கேட்டால் "தேவிகுளம் போச்சுல்ல, அந்த வருஷம்" என்பார்கள்.

தேவிகுளம், பீர்மேடு. தமிழர்தான் பெரும்பான்மை என்று அப்போதே கணக்கு இருந்தது. நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் கேட்டார்கள். 1954இல் மூணாறில் போராட்டம், கைது. ஆகஸ்டில் தெற்கே துப்பாக்கிச் சூடு. ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. அதன் வாதத்தைச் சுருக்கினால்: இவர்கள் தோட்ட வேலைக்கு வந்த கூலிகள், பலர் வந்து போகிறவர்கள், இந்தத் தலையெண்ணிக்கையை வைத்து நிலத்தைக் கொடுக்க முடியாது. நிலம் திருவிதாங்கூர்-கொச்சிக்குப் பொருளாதாரத்துக்கு வேண்டும் என்பது அடுத்த வரி.

வேலைக்கு வந்தவன் எத்தனை வருஷம் இருந்தால் வந்தவன் கணக்கிலிருந்து இறங்குவான்? ஆணையம் அதற்கு எண் ஏதும் கொடுக்கவில்லை.

காமராசர் இதைப் பற்றிச் சொன்னதாக ஒரு வரி எங்கள் பக்கம் இன்னும் சுற்றுகிறது. சொன்னார், சொல்லவில்லை என்று டீக்கடையில் இரண்டு கட்சி. ஒரு தடவை அதில் கண்ணாடி டம்ளர் உடைந்தது.

மூணாறுக்கு ஆட்கள் ஏறிய வழி போடி, குரங்கணி. தேயிலை மேலேயிருந்து கம்பி வடத்தில் இறங்கியது, டாப் ஸ்டேஷனிலிருந்து. அரிசி மேலே போனது. மேலே ஒரு குட்டி ரயில் கூட ஓடியது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போய்விட்டது. ஆட்கள் நின்றுவிட்டார்கள்.

பண்ணைப்புரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். இளையராஜாவின் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்கு. பழைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்கு அது அவர் அண்ணன் பாவலர் வரதராசனின் ஊர்.

1957இல் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலில் உறுதிமொழி எடுத்தவரும் அவர்தான், தற்காலிக சபாநாயகராக. பிறகு நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 1958இல் மறுபடி தேர்தல். இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசுக்குப் பெரும்பான்மை இழுபறி. பாவலர் மலை ஏறினார், ஆர்மோனியத்தோடு. தமிழில் பாட்டு. தோட்டம் தோட்டமாக. ரோசம்மா மறுபடி ஜெயித்தார்.

மலையாள நாட்டின் முதல் கம்யூனிஸ்ட் அரசைக் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பாட்டு தாங்கியது என்று சொன்னால் கேரளத்துத் தோழர்களும் மறுக்க மாட்டார்கள். மேலே போனால் முதல் டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

அதே தேவிகுளம், 2021 மே. ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். மஞ்சேஸ்வரம் உறுப்பினர் கன்னடத்தில். ராஜாவுக்குக் கொடுத்த தமிழ் வாசகத்தில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. மொழிபெயர்ப்பில் போன சொல். உறுதிமொழி செல்லாது. ஜூன் 2 மறுபடி எடுத்தார். நடுவில் அவையில் உட்கார்ந்த நாட்களுக்கு அபராதம், நாளுக்கு 500 வீதம் 2,500 ரூபாய்.

எழுதிக் கொடுத்தது அரசுத் துறை. கட்டியது படித்தவர்.

அதோடு விடவில்லை. தனித்தொகுதி. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தலைச் செல்லாது என்றது. மதம் ஒரு கேள்வி. இன்னொரு கேள்வி: தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து மலை ஏறியது 1950க்கு முன்பா, பின்பா? 2025 மேயில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பாட்டி எந்த வருஷம் கொழுந்து கிள்ளத் தொடங்கினார் என்று டெல்லியில் வழக்கறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பட்டியல் சாதி என்பது அந்த மாநிலத்துக்கு உரியது, இடம்பெயர்ந்தவர் கூடவே அதை எடுத்துப் போக முடியாது. சாதி மலை ஏறிவிடும். சான்றிதழ் ஏறாது.

மேலே லயத்தில் பிறந்த பிள்ளைகள் சான்றிதழுக்காகக் கீழே வருகிறார்கள், தாத்தாவின் ஊரைத் தேடி. கீழே தாலுகா ஆபீசில் "நீங்க கேரளால்ல?" மேலே வில்லேஜ் ஆபீசில் "நிங்ஙள் தமிழ்நாடல்லே?"

இரண்டு ஆபீசிலும் மின்விசிறி ஒரே சத்தம்.

இடுக்கியில் தமிழ் மீடியம் பள்ளிகள் உண்டு. பாடநூலைக் கேரள அரசே தமிழில் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. தமிழில் எழுதலாம், கன்னடத்திலும் எழுதலாம். இதை நம்மாட்களிடம் சொன்னால் நம்புவதில்லை. 2017இல் மலையாளம் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் வந்தது என்று சொன்னால் உடனே நம்புகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் 2006இல் சட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்தது. தெலுங்கு, கன்னடம், உருது, மலையாளப் பள்ளிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். விலக்கு, மறுபடி விலக்கு, இந்த வருஷத்துக்கு மட்டும் விலக்கு.

ஒரு சட்டத்தையும் இன்னொரு சட்டத்தையும் அடுத்தடுத்துப் படித்தேன். ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டால் எது எந்த ஊர் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.

கேரள பி.எஸ்.சி.யில் ஒரு விளம்பரம் வரும்: எழுத்தர், தமிழும் மலையாளமும் தெரிந்தவர். அந்த வேலைக்கு மலையாளிகளும் தமிழ் படித்துவிட்டு வருகிறார்கள் என்று மேலே உள்ள பையன்கள் புலம்புகிறார்கள்.

2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தில் தமிழ்த்தாள் கட்டாயம், குறைந்தது 40 சதவீதம். அதில் தோற்றவர்களில் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் உண்டு. அவர்களிடம் பேசிப் பார்த்தால் இலக்கணக் குறிப்பு என்றாலே ஒரு கெட்ட வார்த்தை வரும்.

லாட்டரி. 2003 முதல் தமிழ்நாட்டில் இல்லை. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் கோட்டைத் தாண்டியதும் கடை. சீட்டு மலையாளத்தில். பலகை தமிழில். கொட்டை எழுத்து. மலையாளத்துக்கு அங்கே மூலையில் கொஞ்சம் இடம்.

கேரள அரசின் சீட்டு. வாங்குகிறவன் எந்த மொழியோ அந்த மொழியில் கூவல். எண் மட்டும் எல்லாருக்கும் படிக்கத் தெரியும்.

பலகைக் கணக்கு. தமிழ்நாட்டில் கடைப் பலகை: தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம். பெங்களூரில் கன்னடம் 60 சதவீதம், 2023 டிசம்பரில் அதற்காகப் பலகைகளை உடைத்தார்கள். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுக்கு மற்ற மொழியைப்போல இரண்டு மடங்கு இடம், 2025 ஜூன் முதல்.

அதிகாரி டேப் வைத்து அளப்பாரா? எழுத்தின் உயரமா, பரப்பா? தமிழ் எழுத்துக்கு மேலே சுழி, பக்கத்தில் கொம்பு, கால். பரப்பில் நமக்கு லாபம்.

தேவாரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை: "தி நியூ மொபைல்ஸ்". முழுக்கத் தமிழ் எழுத்து. சட்டப்படி நூற்றுக்கு நூறு.

2011 டிசம்பர். முல்லைப்பெரியாறு. அணை உடையும் என்று அங்கே, விடமாட்டோம் என்று இங்கே. 1886இல் 999 வருஷத்துக்குக் குத்தகை, 1895இல் கட்டி முடித்தது, பென்னிகுக். அந்த டிசம்பரில் குமுளி எல்லை மூடியது. 144. கம்பத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் குமுளியை நோக்கி நடந்தார்கள். மேலே தோட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலைப்பாதையில் இறங்கி வந்தன, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. கீழே மலையாளிகளின் கடைகள் அடிபட்டன. டீக்கடை, பேக்கரி, நகை அடகுக் கடை.

பல வருஷம் இங்கே டீ ஆற்றினவர் ஒருவர் அந்த வாரம் பலகையில் இருந்த பெயரைச் சுண்ணாம்பு வைத்து மறைத்தார். மறைத்த இடம் வெள்ளையாகத் தனியே தெரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் இது யார் கடை என்று தெரிந்துகொண்டார்கள்.

மார்ச்சுக்குள் ஜீப் மறுபடி ஓடியது. கூலி ஏறியிருந்தது.

2015 செப்டம்பர், மூணாறு. பெண்பிளை ஒருமை. தேயிலைப் பெண்கள், ஏறக்குறைய எல்லாரும் தமிழ். நாள் கூலி 232. கேட்டது 500. போனஸ் 20 சதவீதம். சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடவில்லை, எந்தக் கொடியையும் விடவில்லை. கோஷம் தமிழில். கேரளத்துத் தொலைக்காட்சிகளில் கீழே மலையாளத்தில் எழுத்து ஓடியது. அமைச்சர்கள் அந்த ஒன்பது நாளும் தமிழைக் கவனமாகக் கேட்டார்கள்.

கேரளத்தில் வட மாநிலத் தொழிலாளிக்கு அரசு வைத்த பெயர் விருந்தினர் தொழிலாளி. எழுத்தறிவு இயக்கம் அவர்களுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்கிறது, 2017இல் பெரும்பாவூரில் தொடங்கி. பாடப்புத்தகத்தின் பெயர் "ஹமாரி மலையாளம்". நூறு வருஷமாக மேலே இருக்கிற தமிழ்க்காரிக்கு அப்படி ஒரு வகுப்பு யாராவது எடுத்தார்களா என்று மதினியிடம் கேட்டேன். "விருந்தாளிக்குத்தானே இலை போடுவாக" என்றார்.

எங்கள் பக்கம் அவர்களுக்குப் பெயர் இந்திக்காரப் பையன்கள். ஒடியா பேசினாலும் இந்திக்காரன்தான். வங்காளம் பேசினாலும். சந்தாலி பேசினாலும்.

மதராசி என்று அங்கே சொன்னால் நமக்குக் கோபம் வரும்.

பரோட்டாக் கடைப் பையன். எந்த ஊர் என்றால் ராஞ்சி என்பான், ராஞ்சியிலிருந்து இன்னும் பஸ்ஸில் போக வேண்டும் என்பான். "என்னண்ணே, வீச்சா? சால்னா ஊத்தவா?" மதுரைப் பக்கத்து இழுவையோடு. எழுத்து தெரியாது. பில்லில் கோடு போட்டு எண்ணுகிறான். அவன் கற்ற தமிழில் மரியாதை இல்லாத சொல்லே கிடையாது, வாடிக்கையாளரிடம் கற்றதில்லை, முதலாளியிடம் கற்றது, முதலாளி வாடிக்கையாளரிடம் பேசுகிறதை. முதலாளி அவனிடம் பேசுகிற தமிழ் வேறு. அதையும் கற்றிருக்கிறான், கிளீனரிடம் பேச.

2023 மார்ச்சில் அவன் ஊரிலிருந்து போன் மேல் போன். தமிழ்நாட்டில் இந்திக்காரர்களை வெட்டுகிறார்கள் என்று வீடியோ. பொய் வீடியோ. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. இவன் கடைக்குள்ளிருந்தே வீடியோ காலில் அம்மாவுக்குக் கல்லைக் காட்டினான், மாவைக் காட்டினான், முதலாளியைக் காட்டினான். முதலாளி கேமராவைப் பார்த்து "குட், குட்" என்றார்.

மலை இடுக்கியில். ஏலக்காய் ஏலம் போடியில் ஒரு நாள், புற்றடியில் ஒரு நாள். திரையில் எண் ஓடும். ஒரு தரத்தின் பெயர் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு. ஆலப்புழையில் ஏலக்காய் விளைவதில்லை. வாங்குகிறவர் போடிக்காரர், விற்கிறவர் மலையாளி, லாரி டெல்லிக்கு. வாக்குவாதம் வந்தால் எடையில்தான் வரும்.

1964, இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றி சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டை எண்ணுகிற மாதிரி. மலையகத்திலிருந்து வந்தவர்கள் நீலகிரிக்கு, கொடைக்கானல் பக்கம், இன்னும் பல இடங்களுக்கு. தமிழ் பேசுகிற நாட்டுக்குத் தமிழ் பேசுகிறவர்கள் வந்தார்கள். இங்கே வைத்த பெயர் சிலோன்காரங்க. பேரப்பிள்ளைகளுக்கும் அதே பெயர்.

மொழி ஒன்றாக இருந்தால் கரைந்துவிடுவார்கள் என்று சொல்கிறவர்களைக் கோத்தகிரிக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரம்.

அமெரிக்காவுக்கு 2025 மார்ச் 1 வரை தேசிய அளவில் ஆட்சிமொழி என்று ஒன்று இல்லை. அன்றைக்கு அதிபர் ஆணை: ஆங்கிலம். கூடவே, ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு உதவச் சொன்ன 2000ஆம் வருஷத்து ஆணை ரத்து. உத்தமபாளையத்துக்காரர் ஒருவரின் மகன் டெக்சாசில் இருக்கிறார். அப்பா சந்தோஷப்பட்டார். "நம்ம பையனுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்ல, பிரச்சினை இல்ல." அதே அப்பா பத்து நாள் முன்னால் மும்மொழிக் கொள்கையை எதிர்த்துக் கறுப்புச் சட்டை போட்டவர். இரண்டும் உண்மையான சந்தோஷம், உண்மையான கோபம்.

அந்த மார்ச்சில்தான் தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் ரூபாய்க் குறிக்குப் பதிலாக "ரூ" வந்தது. அந்தக் குறியை 2010இல் வடிவமைத்தவரும் தமிழர்.

நூறு ரூபாய்த் தாள். பக்கவாட்டில் பதினைந்து மொழி. வரிசை ஆங்கில அகரவரிசை: முதலில் அஸ்ஸாமி, நான்காவது கன்னடம், ஏழாவது மலையாளம், பதின்மூன்றாவது தமிழ், பதினான்காவது தெலுங்கு, கடைசி உருது. இந்தியும் ஆங்கிலமும் வெளியே, பெரிதாக. தேவாரத்துக் காய்கறிக் கடையில் கன்னடக்காரர் தெலுங்குக்காரரிடம் தமிழில் பேரம் பேசி நீட்டிய தாள் அது. நான் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கள்ள நோட்டாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர்.

வாக்காளர் பட்டியல். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர், ஆள் ஒருவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் இரண்டு மாவட்ட அதிகாரிகளும் கூடிப் பேசுவார்கள். ஒரு பெரியவர் சொன்னார்: "அங்கன வேலைக்கு ஓட்டு, இங்கன சாவுக்கு ஓட்டு." விளக்கம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

2011 கணக்கெடுப்பு. மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அதிகாரிகள் சலித்து 1,369 ஆக்கினார்கள். பிறகு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவதை மட்டும் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, 121 மொழி. எட்டாவது அட்டவணையில் 22. அட்டவணை பிறந்தபோது 14.

சலித்ததில் கீழே விழுந்த பெயர்களில் கம்பம் பெயர் எத்தனை இருக்கும்?

தாய்மொழி என்றால் என்ன என்று கணக்கெடுப்பவர் கையேட்டில் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தாய் அந்த ஆளிடம் பேசிய மொழி. தாய் கைக்குழந்தையிலேயே இறந்திருந்தால், வீட்டில் பெரும்பாலும் பேசியது. இவ்வளவு கவனமாக எழுதின அரசு வாக்கியம் வேறு நான் படித்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு கட்டம்: தெரிந்த மற்ற மொழிகள். இரண்டுக்குத்தான் இடம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027. கம்பம்மெட்டு ஜீப் ஓட்டுகிற கவுடரிடம் சொன்னேன். வீட்டில் கன்னடம். ஊரில் தமிழ். தோட்டத்தில் மலையாளம். இப்போது ஜார்க்கண்டு ஆட்களை ஏற்றிப் போவதால் இந்தி. கீழே கடைத்தெருவில் தெலுங்கும் காதில் விழுந்து விழுந்து வரும்.

"இரண்டுதான் எழுதலாமாம். எதை விடுவீக?"

"நான் எதை விடுறது. எழுத வர்ற வாத்தியாரு அவருக்கு வேணுங்கிறத எழுதிக்கிட்டுப் போயிருவாரு. போன தடவை வீட்ல கன்னடம்னு சொன்னேன், 'கர்நாடகாவுலருந்து எப்ப வந்தீக'ன்னு கேட்டாரு. அதுக்கு இன்னொரு கட்டம் இருக்காம்ல."

இருக்கிறது. பிறந்த இடம், கடைசியாகக் குடியிருந்த இடம், இடம்பெயர்ந்த காரணம், எத்தனை வருஷமாக இங்கே. அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"டீசல் போட நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."